முதல் மழையில் இருசக்கர வாகனம்

சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் தவறாது மோட்டார் சைக்கிளிலேயே அலுவலகம் சென்று திரும்புகின்ற சென்னைவாசிகளுக்கு, வடகிழக்குப் பருவமழையின் முதல் அரைமணி நேரம் விசேஷமான அபாயம் உடையது என்பதை இன்று அவசியம் சொல்ல விரும்புகிறேன். சாலையில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கும் டயர்த் துகளும் புழுதியும் அந்தச் சொற்ப நீரோடு கலந்து வழுக்குகின்ற படலமாகிவிடுகின்றன. பெருமழை பெய்து அவற்றைக் கழுவிச் சென்ற பிறகுதான் சக்கரத்துக்கு ஓரளவேனும் பிடிமானம் திரும்புகிறது. ஆகையால், நேயர்களே, மேலதிகாரி கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை, அவ்வேளையில் சற்றே ஒதுங்கி நில்லுங்கள். புறப்பட்ட பின்னர், வெள்ளைக் கோடுகளின்மீதும் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகளின்மீதும் பிரேக்கை அழுத்தாமல், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் ஒருசேர மிருதுவாகப் பிரயோகியுங்கள். தியாகராய நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கியிருக்குமாயின், எவ்வளவு தூரமானாலும் சுற்றிப் போய்விடுங்கள்.