பூக்கும் முன்னே



சித்திரையில் கோடை மழை இரண்டு முறை பெய்தால் போதும். படவேட்டில் வாழைத்தோப்பு வரப்பிலும், வீட்டு முற்றத்துப் புல்தரையிலும், கல்லறைத் தோட்டத்திலும் பார்த்தீனியம் தலைகாட்டிவிடும். "களையை அறுவடை வரை விட்டுவைக்கச் சொன்னவர் ஆண்டவர்தானே, சாமி?" என்று நம்மில் சிலர் சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு.

மத்தேயு 13ஆம் அதிகாரத்து உவமையில் வரும் களை, கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே இருக்கும். பிடுங்கினால் பயிரும் சேர்ந்து வந்துவிடும். அங்கே நிலம் என்பது உலகம், களை என்பது மனிதர் என்று ஆண்டவரே விளக்கம் தருகிறார். நாமோ மனிதரைப் பிடுங்க விரைகிறோம்; முற்றத்துப் பூண்டை நாளைக்கு என்று விட்டுவிடுகிறோம்.

பார்த்தீனியத்தைக் குழந்தைகூட அடையாளம் காணும். கேரட் இலை போன்ற இலை. முதலில் தரையோடு படர்ந்து, பிறகு நிமிர்ந்து வெள்ளைப் பூ விடும். நம் நாட்டில் 1955இல் புனேயில் இது கண்டறியப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்ததாகவே பலரும் கருதுகிறார்கள். பசிக்கு வந்த தானியத்தோடு ஒட்டிவந்த விதை! முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். அவை மண்ணில் பல ஆண்டுகள் காத்துக்கிடக்கும்.

இதைத் தொட்டால் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும்; மகரந்தம் ஆஸ்துமாவைக் கிளப்பும். தறியில் உட்காருகிறவருக்குக் கை வெடித்தால் பட்டு இழையைத் தொட முடியாது. அந்த வாரக் கூலி போயிற்று. ஆனாலும் களை என்றால் பெண்களைத்தான் கூப்பிடுகிறோம், அதுவும் வெறுங்கையோடு.

ஆகவே மழை பெய்த ஈரத்தில், பூக்கும் முன்னே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குவோம். பூத்துவிட்டதை எருக்குழியில் போட வேண்டாம். அந்த விதை எருவோடு தோப்புக்கே திரும்பும். புல்தரையில் சொட்டை விழுந்த இடத்தில் அருகம்புல்லை நெருக்கமாக நட்டால், வெயில் படாத மண்ணில் களை முளைப்பது குறையும். வேலியோரத்துக்குத் தகரையோ செண்டுமல்லியோ போதும். அவை பார்த்தீனியத்துக்கு இடம் கொடுக்காது.

வரும் சனிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறோம். இம்முறை ஆண்களும் இளைஞர்களும் முதலில் வரட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டிலேயே இருங்கள். கையுறை பங்கு அலுவலகத்தில் கிடைக்கும்.