ஏரியும் லேக்கும் ஒண்ணா?

இன்னிக்கு எபிசோடு சமக்குறியைப் பத்தி. ஒரு பட்டியல்ல இருக்கிற சொல்லும் இன்னொரு பட்டியல்ல இருக்கிற சொல்லும் ஒண்ணுதான்னு நடுவுல ஒரு குறி போடுறோமே, அது. போகப்போற இடம், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்.

அதுக்கு முன்னாடி ஒரு தகவல். 2023 ஏப்ரல்ல மத்திய அரசு இந்தியாவோட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டது. மொத்தம் 24 லட்சத்துக்கும் மேல நீர்நிலைகள். ஒவ்வொண்ணையும் பாண்ட், டேங்க், லேக், ரிசர்வாயர்னு வகை பிரிச்சிருந்தாங்க. அதிக டேங்க் இருக்கிற மாநிலம், ஆந்திரா. அதிக லேக் இருக்கிற மாநிலம், தமிழ்நாடு.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாநில எல்லையைத் தாண்டினதும் நிலம் மாறிடுதா என்ன? அந்தப் பக்கம் 'செருவு', இந்தப் பக்கம் 'ஏரி'. ரெண்டுமே மண்கரை கட்டி மழைத் தண்ணியைத் தேக்கி, மதகு வழியா வயலுக்கு விடுற அமைப்பு. செருவை டேங்க்னு எழுதுறது அவங்க பழக்கம். ஏரியை லேக்னு எழுதுறது நம்ம பழக்கம். அந்த ரேங்க்குக்குப் பின்னாடி புவியியலைவிட மொழிபெயர்ப்புக்குத்தான் பங்கு அதிகம்னு எனக்குத் தோணுது.

நூலகவியல்ல இது பழைய பிரச்சினை. ஒவ்வொரு நூலகமும், ஒவ்வொரு துறையும் தனக்குன்னு ஒரு சொற்பட்டியல் வெச்சிருக்கும். ரெண்டு பட்டியலைச் சேர்க்கணும்னா, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணைன்னு சொல்லணும். இதுக்காக 2009-ல டபிள்யூ3சி அமைப்பு 'ஸ்கோஸ்'னு ஒரு தரநிலையை வெளியிட்டது. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இணைன்னு சொல்ல ஒரே குறி இல்லை, அஞ்சு இருக்கு. அச்சு அசலா ஒண்ணு. கிட்டத்தட்ட ஒண்ணு. அது இதைவிட விரிஞ்சது. அது இதைவிடக் குறுகினது. ஒண்ணு இல்ல, ஆனா தொடர்பு உண்டு.

முதல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. 'அச்சு அசல்' சங்கிலி மாதிரி நீளும். அ-வும் ஆ-வும் ஒண்ணு, ஆ-வும் இ-யும் ஒண்ணுன்னா, அ-வும் இ-யும் ஒண்ணுன்னு கம்ப்யூட்டர் தானா முடிவு பண்ணிக்கும். 'கிட்டத்தட்ட' அப்படி நீளாது, அந்தப் படியிலேயே நின்னுடும். ஏரியும் லேக்கும் அச்சு அசல்னு ஒருத்தர் போடுறார். லேக்கும் இயற்கை நீர்ப்பரப்பும் அச்சு அசல்னு இன்னொருத்தர் போடுறார். முடிஞ்சது கதை. ஏரி இயற்கையா வந்ததுன்னு ஆயிடும். கரை கட்டினவங்களும் காணோம், தூர்வார வேண்டியவங்களும் காணோம்.

இப்போ உத்திரமேரூருக்கு வருவோம். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லயும் 921-லயும் வெட்டினது, அங்க இருக்கு. குடவோலைத் தேர்தல்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. 30 குடும்புகள்ல இருந்து 30 பேர். அவங்கள்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி ஏரியைப் பார்த்துக்கன்னே தனியா ஆள் போட்டிருக்காங்க.

இதே கல்வெட்டு, சொல் இணைக்கிறவங்களுக்கு ஒரு பாடப்புத்தகம். 'வாரியம்'னா இன்னிக்கு நமக்கு என்ன ஞாபகம் வருது? மின்வாரியம். வருஷக்கணக்கா நிலைச்சு நிக்கிற ஒரு நிறுவனம். அன்னிக்கு அது ஒரு வருஷத்துக்கு மட்டும் தேர்ந்தெடுத்த குழு. எழுத்து ஒண்ணு, பொருள் வேற. 'குடும்பு'வை வார்டுன்னு சொன்னா கிட்டத்தட்ட சரி. 'சபை'யை இன்னிக்கு இருக்கிற கிராம சபைன்னு சொல்ல முடியுமா? இன்னிக்கு வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே கிராம சபையில உறுப்பினர். அன்னிக்கு அது பிராமண ஊரோட சபை. பேர் எழுதிப் போடணும்னா கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, 35-ல இருந்து 70-க்குள்ள வயசு, வேத அறிவு எல்லாம் வேணும்.

2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் பேச்சுல உத்திரமேரூர் இடம்பெற்றுச்சு. இதுதான் ஜனநாயகம்னு ஒரு கூட்டம் சொல்லும், ஜனநாயகமே இல்லைன்னு இன்னொரு கூட்டம் சொல்லும். ரெண்டு பேரும் ஒரே குறியைப் போடலாமா வேண்டாமான்னுதான் சண்டை போடுறாங்க. நான் நாலாவது குறியைப் போடுவேன். தேர்தல் முறை உண்டு, கணக்குக் காட்டுற பொறுப்பு உண்டு, ஆனா வட்டம் ரொம்பச் சின்னது.

அந்த ஊர் ஏரிக்குப் பல்லவர் காலத்துப் பேர், வைரமேக தடாகம். தடாகம்னா இன்னிக்கு நம்ம மனசுல தாமரை பூத்த சின்னக் குளம் வரும். அன்னிக்கு அதுவே ஊருக்குச் சோறு போட்ட பாசன ஏரி. அன்னிக்கு ஒண்ணா இருந்த ரெண்டு சொல், இன்னிக்கு ஒண்ணு இல்லை. அதனால இணைக்கும்போது எந்தக் காலத்துக்குன்னும் எழுதி வைக்கணும்.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சுடாதீங்க. தமிழ்நாட்டுல ஒரு ஏரி 40 ஹெக்டேரோ அதுக்கு மேலயோ ஆயக்கட்டுக்குத் தண்ணி கொடுத்தா, அது நீர்வளத் துறைக்கு. அதுக்குக் கீழன்னா, ஊராட்சி ஒன்றியத்துக்கு. ராம்சார் ஒப்பந்தத்தோட வகைப்பாட்டுலயும் ஒரு கோடு இருக்கு. பொதுவா 8 ஹெக்டேருக்கு மேலன்னா நீர்த்தேக்கம், கீழன்னா குளம். ஒரு கோடு அளக்கிறது தண்ணி பாயுற வயலை. இன்னொண்ணு அளக்கிறது தண்ணி நிக்கிற பரப்பை. 'பெரிய ஏரி'ன்னு ரெண்டு பட்டியலும் சொன்னாலும், ரெண்டும் ஒரே ஏரிகளைச் சொல்லணும்னு அவசியம் இல்லை.

உத்திரமேரூர்ல இருந்து கிட்டத்துல இருக்கிற வேடந்தாங்கலை எடுத்துக்கோங்க. விவசாயிக்கு அது ஏரி. வனத் துறைக்குச் சரணாலயம். 2022-ல இருந்து ராம்சார் ஈரநிலம். மூணும் உண்மை. ஆனா சரணாலயம்ங்கிற சொல்லை மட்டும் வெச்சுத் தேடினா மதகும் ஆயக்கட்டும் கண்ணுல படாது.

மதகு, கலங்கு, கரை, ஆயக்கட்டு, வரத்துக் கால்வாய். இந்த அஞ்சும் சேர்ந்ததுதான் ஏரி. லேக்னு சொன்னா தண்ணி மட்டும்தான் மிஞ்சும். கோடையில தண்ணியும் இருக்காது. அப்போ வரைபடத்துல அது சும்மா கிடக்கிற இடம். ஆனா ஏரிக்குக் கோடையில காயுறதும் வேலையோட ஒரு பகுதி. அப்போதான் தூர் வார முடியும்.

சென்னைக்காரங்க நுங்கம்பாக்கம் போய்ப் பாருங்க. டேங்க் பண்ட் ரோடுன்னு ஒண்ணு இருக்கு, லேக் ஏரியான்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் குறிக்கிறது ஒரே ஏரியைத்தான். ஏரிதான் இல்லை. அங்கதான் வள்ளுவர் கோட்டம் நிக்குது. 2007-ல வந்த ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தோட ஆங்கிலப் பேர்லயும் இருக்கிற சொல் டேங்க், லேக் இல்லை. நகரத்துல டேங்க்னா மொட்டை மாடி சின்டெக்ஸ்தான் ஞாபகம் வருது, அது வேற விஷயம்.

உங்கள்ல நிறைய பேர் டேட்டா வேலை பாக்குறீங்க, சிலர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லயும் விக்கிடேட்டாலயும் எழுதுறீங்க. உங்ககிட்ட என் வேண்டுகோள் சின்னது. ஏரிக்கு ஊர்ப்பேரையும் 'ஏரி'ங்கிற சொல்லையும் தமிழ்லயே முதல்ல போடுங்க. தாங்கல்னா தாங்கல், கண்மாய்னா கண்மாய். பக்கத்துல ஆங்கிலச் சொல் போடும்போது 'கிட்டத்தட்ட'ன்னு குறிச்சு, எது விட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதுங்க. நான் உத்திரமேரூர் வட்டாரத்துக்கு அப்படி ஒரு ஷீட் வெச்சிருக்கேன். அதுல 'அச்சு அசல்'ங்கிற காலம்தான் இன்னும் பெரும்பாலும் காலியா இருக்கு.

உங்க ஊர்ல நீர்நிலைக்கு என்ன பேர் சொல்லுவாங்க? அனுப்பி வைங்க.