கடை இருந்தது, காகிதம் இல்லை

பழவேற்காட்டில் மீன் வறுத்து விற்கிறவர்கள், பனையோலைக் கூடை முடைகிறவர்கள், டச்சுக் கல்லறைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டிக் கதை சொல்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சவாரியை நம்பி ஆட்டோ வைத்திருப்பவர்கள் உங்களோடுதான் இன்றைக்குப் பேச்சு. ஊருக்கு வருகிறவர்களை வைத்துப் பிழைக்கிற தொழில் நம்முடையது.

2020 மார்ச் 24 ராத்திரியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. மறுநாளிலிருந்து ஊரடங்கு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் கட்டுப்பாடுகளோடு மெல்ல மெல்லத் திரும்ப ஓட ஆரம்பித்தன. தமிழ்நாட்டில் கடற்கரைகளை மக்களுக்குத் திறந்துவிட்டது டிசம்பர் 14-ஆம் தேதிதான். ஏரிக்குப் பூநாரை வருகிற பருவமும் அதுதான். கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் 2021 மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 2020-ல் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. எப்படி வந்தது? கையில் ரேஷன் அட்டை இருந்தது, வந்தது. மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் அப்படித்தானே, பெயர் பதிவாகியிருந்தால்தான் வரும். குடும்பத்துக்குக் காகிதம் இருந்தது. கடைக்கு இல்லை.

2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன், ஏற்கெனவே வங்கியில் கடன் கணக்கு இருந்தவர்களுக்கு. வட்டிக்காரரிடம் வாங்கியது அந்தக் கணக்கில் சேராது. 2021 ஜூன் 28-ல் சுற்றுலாத் தொழிலுக்கென்றே ஒரு கடன் திட்டம் வந்தது. வழிகாட்டிக்கு 1 லட்சம், நிறுவனத்துக்கு 10 லட்சம் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டும். நாடு முழுக்கவே 11,000 பேர் சொச்சம்! கல்லறை வாசலில் நின்று கதை சொல்கிற நம்ம ஆள் அதில் எங்கே இருக்கப் போகிறார்?

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு பதிவு செய்ய ஓடினால் நேரம் பத்தாது. சும்மா இருக்கிற நாளில் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘பதிஞ்சா வரி கேட்டு வந்துடுவாங்க சார்’ என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு வரிப் பதிவு இல்லீங்க. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பேச்சே வரும். நம்மில் எத்தனை பேர் அதைத் தாண்டுகிறோம்?

உத்யம் பதிவைப் போனிலேயே செய்யலாம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். பான் இல்லாதவர்களுக்கு உத்யம் அசிஸ்ட் என்று தனி வழி இருக்கிறது, வங்கியில் கேளுங்கள். கட்டணம் ஒரு பைசா கிடையாது. தேடினால் அதே மாதிரி முகப்போடு சில தளங்கள் வந்து ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்றுதான் முடியும். அதைப் பார்த்த பிறகு விரலை வையுங்கள். சாப்பாட்டுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் சேர்த்து வேண்டும்.

இன்னொன்று. கடையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறீர்கள், சரி. பணம் யார் கணக்குக்குப் போகிறது? பாதிக் கடைகளில் மகன் கணக்குக்கு. அடுப்பில் நிற்பது அம்மா. வங்கிக் கணக்கைப் பார்த்தால் வியாபாரம் செய்வது மகன்! நாளைக்குக் கடன் கேட்கும்போது வருமானத்துக்குச் சாட்சி அந்தக் கணக்குதான். அம்மா பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

பதிவு இருந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பதிவு இல்லாவிட்டால் கேட்கவே முடியாது, 2021-ல் பார்த்தோம்.

வீட்டுக்குப் போனதும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: ஆதாரில் எந்த செல்போன் எண் இருக்கிறது? பழைய எண் என்றால் ஓடிபி வராது, பதிவு அங்கேயே நின்றுவிடும். ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிவிட்டு வாருங்கள். அது முடிந்த பிறகு உத்யம் பக்கம் போகலாம்.