மலாவி நாட்டுச் சிறார்க்குக் கஞ்சித் தருமம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மலாவி தேசத்துக் கிராமச் சிறாருக்காக இன்று உங்கள்பால் கையேந்தி நிற்கின்றோம். "நம் குலத்துப் பிள்ளைகளே சம்பளம் கட்ட இயலாதிருக்கையில் அயல்நாட்டுக்கு ஈவதேன்?" என்பாருமுளர். கேள்வி நியாயமானதே. முதலில் விஷயத்தைக் கேண்மின்.

1994-ஆம் ஆண்டில் அத்தேசத்து அரசாங்கம் ஆரம்பப் பாடசாலைச் சம்பளத்தை நீக்கிற்று. சுமார் 19 லட்சமாயிருந்த மாணாக்கர் தொகை ஏறக்குறைய 30 லட்சமாயிற்று. இடமின்றி மரநிழலிலும் பாடம் நடந்தது. கதவு திறந்தது, வயிறோ நிறையவில்லை. மக்காச்சோளமே அவர்தம் உணவு. தை மாசியில் குதிர் வெறுமையாகும். அறுவடையோ சித்திரையை ஒட்டித்தான். பசித்த பிள்ளை பாடங்கேட்பது எங்ஙனம்?

2002-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஸ்காட்லாந்து தேசத்து மாக்னஸ் மக்ஃபார்லேன்-பாரோ என்பார் அங்குச் சென்றார். 200 சிறாருக்குப் பள்ளியிலேயே உணவிடும் ஏற்பாடு அவரால் தொடங்கிற்று. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவுக் கஞ்சி அது. காய்ச்சி வார்ப்போர் அவ்வூர்த் தாய்மாரே, கூலி பெறுவதில்லை. உழைப்பு அவர்களுடையது; மாவின் விலையே நாம் ஈயவேண்டுவது.

நம் சங்கத்துக் கல்வி நிதியில் ஒரு காசும் தொடோம். வீட்டுக்கு வீடு, மாதத்தில் ஒரு நாள் காப்பிச் செலவை நிறுத்தி உண்டியலில் இடுக. வரவு செலவு இப்பத்திரிகையிலேயே வெளிவரும்.

நம் முன்னோருள் பிறர் வீட்டுத் திண்ணையில் உண்டு படித்தோர் எத்தனை பேர்! அன்று அன்னமிட்டவர் குலங்கேட்டு இட்டாரல்லர். அக்கடனைத் தீர்க்கும் வாய்ப்பு இதுவே.