வாசற்படியில் சார்ஜ் போடாதீங்க!
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



குழுக் கடனில் பேட்டரி வண்டி எடுத்தவங்க நம்மில் நிறையப் பேர். பட்டு நூல் வாங்கி வர, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட எல்லாத்துக்கும் அதுதான். ஆனா எங்கே சார்ஜ் போடறோம்? தறி இருக்கிற அறையில், இல்லேன்னா வாசற்படியை அடைச்சுக்கிட்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2022 மார்ச்சில், நமக்குப் பக்கத்து வேலூரில், புது வண்டியை இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிய தகப்பனும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். நம்ம வீட்டில் பட்டு, பாவு, மரத்தறி எல்லாம் ஒரே இடத்தில். யோசிச்சுப் பாருங்க.

48 வோல்ட் பெட்டிக்குள் இருப்பது ஒரே பேட்டரி இல்லை. பெரும்பாலும் 13 செல் தொகுதிகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் ஏறினால் நிறைவு; மொத்தம் 54.6. லித்தியத்தில் வேறு வகைக்கு இந்தக் கணக்கே மாறும். அதனால்தான் ஒரு வண்டியின் சார்ஜரை இன்னொரு வண்டிக்குப் போடவே கூடாது.

பாவில் சில இழை மட்டும் தொய்ந்தால் தறியை நிறுத்தித்தானே ஆகணும்? இதுவும் அப்படித்தான். ஒரு தொகுதி இளைத்தால், ஓடும்போது அது முதலில் தீரும். மற்றதில் மின்சாரம் இருந்தும் வண்டி நின்றுவிடும். இதைக் கவனிக்கத்தான் உள்ளே பி.எம்.எஸ். என்ற பலகை இருக்கிறது. நிறைந்த தொகுதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் கழித்து, இளைத்தது சேர்ந்து வர வழிவிடும். பல வண்டிகளில் சார்ஜ் நிறையும் நேரத்தில்தான் இந்த வேலை நடக்கும்.

என் வண்டி முன்பு போல ஓடவில்லை. "புது பேட்டரிதான் போடணும்மா" என்றார்கள் ஒரு கடையில். பாதி பாதியாக, அரை மணி நேரம் போட்டு எடுப்பதே என் பழக்கம் என்று பிறகுதான் புரிந்தது. நாலைந்து முறை பகலில், கூடவே இருந்து, முழுசா நிறைய விட்டேன். பழையபடி ஓடுகிறது. செல்லே கெட்டிருந்தால் இது உதவாது. அதைத் தெரிந்தவர்தான் பார்க்கணும். பெட்டியை நாமே திறக்கக் கூடாது.

மறக்காமல் செய்ய வேண்டியவை: ஓட்டி வந்ததும் சூடு ஆறிய பிறகே சார்ஜ். தூங்கும்போது வேண்டாம். லூசான பிளக், நீட்டுப் பெட்டி வேண்டாம். பேட்டரி உப்பினாலோ, வாசனை வந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கினாலோ சார்ஜ் போடாதீர்கள். புகை வந்தால் வண்டியைக் காப்பாற்றப் போகாதீர்கள். பிள்ளைகளோடு வெளியே வந்து 101-ஐக் கூப்பிடுங்கள்.

கூட்டமைப்புக்கு ஒரே வேண்டுகோள். வண்டிக் கடன் கொடுக்கும்போது பில், உத்தரவாத அட்டையோடு, "சார்ஜ் எங்கே போடுவீங்க?" என்றும் கேட்டு, மினிட் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தவணை கட்டி முடிக்கலாம்; போன உயிர் திரும்பாது.