சுவரில் வரைந்த சித்திரமும் பத்திரத்தில் எழுதிய சொல்லும்

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வீடு கட்டி விற்போர் கலைக்கும் ஊர்வாழ்வுக்கும் ஆற்றும் தொண்டு குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நான் கலைஞன் அல்லேன். கட்டட வணிகனும் அல்லேன். முப்பது ஆண்டுக்காலம் மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்க்கும் அலுவலில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே, மேடையில் நின்று புகழுரை வழங்குவதைவிட, தாளைப் புரட்டிப் பார்ப்பதே எனக்குக் கைவந்த பழக்கம். இந்த உரையிலும் அப்பழக்கம் தலைகாட்டும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்திலும் ஆரணிப் பக்கத்திலும் திண்டிவனத்தைச் சுற்றியும் இருந்த ஊர்வீடுகளை விட்டு நம் குடும்பங்கள் பல, பெருநகர அடுக்ககங்களில் குடியேறிவிட்டன. ஊரில் ஊர்வாழ்வை யாரும் விலைகொடுத்து வாங்கவில்லை. திண்ணை இருந்தது, தெரு இருந்தது, மண்டபம் இருந்தது. இன்றோ அவற்றையெல்லாம் சதுர அடிக் கணக்கோடு சேர்த்து விற்கிறார்கள். விளம்பர ஏட்டை விரித்தால் திறந்தவெளிக் கலையரங்கம், நூலகம், ஓவியச் சுவர், பண்டிகைத் திடல் எல்லாம் வண்ணப்படங்களாக விரிகின்றன. இதனை நான் எள்ளவில்லை. தேவை உண்மையானது, அத்தேவையை ஒருவர் உணர்ந்து கட்டித் தந்தால் அது நன்மையே. ஆனால் அவர் தருவது எத்தனை ஆண்டு நிற்கும் என்பதுதான் என் வினா.

இவ்வினாவை நமக்கு முன்பே எதிர்கொண்ட நகரங்கள் சில அமெரிக்காவில் உள்ளன. அங்கே மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

முதலாவது, பிலடெல்பியா. அந்நகரின் மறுசீரமைப்பு ஆணையம் 1959-ஆம் ஆண்டில் ஒரு விதியை ஏற்படுத்தியது. ஆணையத்தின் வாயிலாக நிலம் பெற்றுக் கட்டடம் எழுப்புவோர், கட்டுமானச் செலவில் குறைந்தது நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைப்படைப்புக்குச் செலவிட வேண்டும் என்பதே அது. நன்கொடை என்ற சொல்லுக்கே இதில் இடமில்லை. நிலம் பெறுவதற்கான நிபந்தனை. அந்த விதியின் பயனாய் 1976-இல், நகரமன்றக் கட்டடத்துக்கு எதிரே, கிளேஸ் ஓல்டன்பர்க் என்னும் சிற்பி 45 அடி உயரத்தில் எஃகினால் ஒரு கிளிப்பை நிறுத்தினார். ஆம், துணி காயப்போடும் அதே கிளிப்தான்! அதனைச் செய்வித்தவர் ஜாக் வோல்கின் என்னும் கட்டட வணிகர். சிலர் நகைத்திருக்கலாம். ஆயினும் அந்தக் கிளிப் இன்றும் அங்கேயே நிற்கிறது. அவ்வூரின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது.

இரண்டாவது, மயாமி நகரின் வின்வுட் பகுதி. கிடங்குகளும் பழைய ஆலைகளும் நிறைந்த பகுதி அது. புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த உழைக்கும் மக்கள் நெடுங்காலமாகக் குடியிருந்த இடம். வேறொரு பகுதியில் வாடகை ஏறியமையால் இடம்பெயர்ந்த ஓவியர்கள், 1980-களின் நடுவில் இங்கே ஒரு பழைய ரொட்டி ஆலையைத் தம் கூட்டமைப்பின் பெயரில் வாங்கிப் பணிக்கூடமாக்கிக் கொண்டனர். பேக்ஹவுஸ் என்பது அதன் பெயர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வருவேன்.

அதன்பின் வந்தவர் டோனி கோல்ட்மன். நியூயார்க்கின் சோஹோவிலும் மயாமியின் தென் கடற்கரையிலும் சிதைந்து கிடந்த பழங்கட்டடங்களை இடிக்காமல் புதுப்பித்துப் பெயர் பெற்றவர். வின்வுட்டில் வரிசையாகக் கிடங்குகளை வாங்கினார். சன்னல் இல்லாத அவற்றின் நெடுஞ்சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். உலகின் பல நாடுகளிலிருந்தும் சுவரோவியர்களை வரவழைத்தார். 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘வின்வுட் வால்ஸ்’ திறக்கப்பட்டது. மாலை நேரத்தில் மக்கள் நடமாட அஞ்சிய தெருக்களில் குழந்தைகளோடு குடும்பங்கள் உலவின. அவருடைய கலையார்வம் போலியானதென்று நான் கருதவில்லை. 2012-இல் அவர் மறைந்தார்.

பிறகு நடந்ததை ஒரே சொல்லில் சொல்வதானால், வாடகை. ஓவியத்தைக் காண வந்தோர் உணவகம் தேடினர். உணவகம் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறியதும், அப்பகுதிக்குப் புகழ் தேடித்தந்த கலைக்கூடங்கள் பல, வாடகை கட்டமாட்டாமல் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்தன. பழங்குடிகளான எளிய குடும்பங்கள் பலவற்றுக்கும் அதே கதி. அந்தச் சுவர்களைப் பார்க்க இப்போது நுழைவுக் கட்டணம் உண்டு. எவரும் எவரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது. கோல்ட்மன் ஓவியருக்குச் சுவரைத் தந்தார், இடத்தைத் தரவில்லை. தருவதாகச் சொல்லவுமில்லை.

ஆனால் அந்த ரொட்டி ஆலை? அது அங்கேயே இருக்கிறது. ஓவியர் இன்றும் அங்கே பணிபுரிகின்றனர். நிலம் அவர்கள் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருந்த ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்னும் பழைய ஆலை. இருந்த என்று இறந்தகாலத்தில் சொல்லவேண்டிய நிலை. அதன் உரிமையாளரும் கட்டட வணிகரே. 1990-களிலிருந்து தம் சுவர்களில் ஓவியம் தீட்ட அவர் இசைவளித்திருந்தார். 2002 முதல் ஓவியர் ஒருவரே முன்னின்று, எந்தச் சுவரில் யார் தீட்டுவது என்று முறைப்படுத்தினார். மேம்பாலத்தில் செல்லும் ரயிலிலிருந்தே தெரியும் அந்த வண்ணக் கோட்டையைக் காண உலகெங்குமிருந்தும் மக்கள் வந்தனர். பின்னர் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. அவ்விடத்தில் உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட முடிவாயிற்று. ஓவியர்கள் நீதிமன்றம் சென்றனர். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2013 நவம்பரில் ஒருநாள் இரவோடிரவாக அத்தனை ஓவியங்கள்மீதும் வெள்ளை பூசப்பட்டது. தாம் இருபது ஆண்டுக்காலம் போற்றி இடமளித்த கலையை அவரே ஓரிரவில் அழித்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1990-இல் இயற்றப்பட்ட காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டம் என ஒன்று அங்கே உண்டு. அதன்படி, தகுதிபெற்ற 45 ஓவியங்களை அழித்தமைக்காக, ஓவியர் 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் வழங்குமாறு 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆணையிட்டது. மேல்முறையீட்டிலும் 2020-இல் அத்தீர்ப்பே நிலைத்தது. முறையான இடிப்பு அனுமதி வரும்வரை இன்னும் பத்து மாதம் பொறுத்து இடித்திருந்தால், வேண்டுமென்றே செய்த செயலாக அதனைக் கொண்டிருக்கமாட்டேன் என்று நீதிபதி தம் தீர்ப்பில் குறித்தார். உரிமையாளர் பொறுக்கவில்லை, சட்டம் பொறுத்திருந்தது.

‘அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?’ என்று பின்வரிசையில் ஒருவர் முகம் கேட்கிறது. நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு ஒன்று உண்டு. தில்லி விஞ்ஞான் பவனத்தில் அமர்நாத் சேகல் என்னும் சிற்பி பல ஆண்டுகள் உழைத்து வெண்கலத்தில் ஒரு மாபெரும் சுவர்ச்சிற்பம் அமைத்திருந்தார். 1979-இல் கட்டடத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லி அதனைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டனர். அவர் வழக்குத் தொடுத்தார். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்ற பின்னரும் படைத்தவனுக்குள்ள அறவுரிமையைக் காக்கிறது. அதனை ஊன்றுகோலாகக் கொண்டு தில்லி உயர்நீதிமன்றம் 2005-இல் எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. ஆகவே, நாளை நம் பிள்ளைகளுள் ஒருவர் ஓர் அடுக்ககச் சுவரில் ஓவியம் தீட்ட அழைக்கப்பட்டால், கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டு வராதீர்கள். எத்தனை ஆண்டு இருக்கும், அழிப்பதானால் எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வாருங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல விதி நெடுங்காலமாக உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்தால், சாலைகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தாக வேண்டும். அதனினும் சிறிய நிலமாயின் சில நிலைகளில் பணமாகச் செலுத்த இடமுண்டு. இந்த அளவைத் தாண்டினால் அதற்கும் வழியில்லை. என் அலுவற்காலத்தில் இந்தப் பத்துப் பங்கை மனைப்பிரிவின் மூலையில், ஓடையோரத்தில், முக்கோணமாய், எவருக்கும் பயன்படாத வடிவில் வரைந்து கொண்டுவருவோர் உண்டு. சாலை முகப்பில், சதுரமாக, மரநிழலோடு வரைந்து வந்தோரும் உண்டு. பின்னவரைத்தான் நான் கலைக்கும் ஊர்வாழ்வுக்கும் தொண்டு செய்தவர் என்பேன். அவர் மேடை கட்டவில்லை. நாடகக் குழுவுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. ஆயினும் பொங்கலன்று கோலப்போட்டி நடத்தவும், கோடையில் தெருக்கூத்து வைக்கவும் ஓரிடம் அவரால் நிலைத்தது. ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திடல் பொதுமக்களுடையது. அடுக்ககத்தாருக்கு மட்டும் உரியதன்று. அதற்கு வேலிபோட்டு அயல்தெருப் பிள்ளைகளை விரட்டும் குடியிருப்போர் சங்கங்களை நான் கண்டிருக்கிறேன். கட்டட வணிகரைக் குறைகூறும் நாவுக்கு இங்கே சற்று ஓய்வு தரலாம்.

அடுக்கக வளாகத்துக்குள் இருக்கும் கூடம், அரங்கம் முதலியவற்றுக்கு 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம், மக்கள் வழக்கில் ரேரா, துணைநிற்கிறது. அத்திட்டத்தில் அமையும் சமுதாய வசதிகளைப் பொதுப்பகுதிகளுள் ஒன்றாக அச்சட்டம் கொள்கிறது. பொதுப்பகுதிகளின் உரிமையைக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. விளம்பரத்தில் பொய்யுரைத்து ஒருவரை வாங்கச் செய்து இழப்பு ஏற்படுத்தினால் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. வரைபடத்தையும் பொதுப்பகுதிகளையும் மாற்றுவதானால் வாங்கியோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துவழி இசைவு வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் விளம்பர ஏட்டை ஒரு கையிலும், ஒப்புதல் பெற்ற வரைபடத்தை மறுகையிலும் வைத்துப் பாருங்கள். ஏட்டிலுள்ள கலையரங்கம் வரைபடத்தில் உண்டா? உண்டெனில் எந்தப் பெயரில்? ‘பொதுப்பகுதி’ என்றா, ‘வணிகப்பகுதி’ என்றா, ‘எதிர்கால விரிவாக்கம்’ என்றா? இந்த மூன்றாம் சொல்லைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதனைச் சொல்ல எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். பட்டறிந்த தகுதிதான். வரைபடம் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த நான், என் வீட்டின் வரைபடத்தை முழுதும் பார்க்கவில்லை. நாங்கள் வாங்கிய அடுக்ககத்தின் முதல் தளத்தில் அழகிய கூடம் ஒன்று உண்டு. கட்டியவர் நல்லவர், கலையார்வலர். முதல் மூன்று ஆண்டுகள் தம் செலவிலேயே நவராத்திரிக்கு இசையரங்கு வைத்தார். எங்கள் வளாகத்து ஆசிரியை ஒருவர் அக்கூடத்தில் சிறுமியருக்கு நாட்டியம் கற்பித்து வந்தார். நான்காம் ஆண்டில் கூடம் பூட்டப்பட்டது. வெளியாருக்கு விழா நடத்த வாடகைக்கு விடப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். பத்திரத்தைப் புரட்டினேன். அக்கூடம் பிரிபடாத பாகத்திலும் இல்லை, பொதுப்பகுதியிலும் இல்லை. அது கட்டியவரின் தனியுடைமை. அத்தனை நாளும் அவர் அன்பினால் திறந்துவைத்திருந்தார், அவ்வளவே. புதிய சட்டம் வருவதற்கு முன்பே கட்டிமுடித்துக் குடிபுகுந்த வீடு எங்களுடையது. அதனால் அச்சட்டத்தின் துணையும் எங்களுக்கு எட்டவில்லை. விளம்பர ஏட்டில் ‘குடியிருப்போர்க்கான கலைக்கூடம்’ என்று அச்சிட்டிருந்த பக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டு உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்கிறோம்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. நாட்டிய வகுப்பும் நடந்துகொண்டிருக்கிறது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, கீழ்த்தள வாகன நிறுத்தத்தில், ஒன்பது வண்டிகளை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, தூண்களுக்கு இடையே சிறுமியர் ஆடுகின்றனர். அவர்களுள் ஒருத்தி என் பேத்தி. சிமெண்டுத் தரை காலைச் சுடுகிறது என்கிறாள். ஆசிரியை ஜமுக்காளம் விரிக்க ஒப்பவில்லை. ஒன்பதாவது வண்டி என்னுடையது, நாலேமுக்காலுக்கே எடுத்துவிடுவேன்.