குறையுறது தண்ணிதான், உப்பு இல்ல

"சிவகாசியில உட்கார்ந்துகிட்டு வீட்டுல பவளத் தொட்டி வைக்க முடியுமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடியும். ஆனா எந்த வறண்ட காத்து இந்த ஊருக்குப் பட்டாசுத் தொழிலைக் கொண்டு வந்துச்சோ, அதே காத்துதான் தொட்டிக்கு எதிரி.

ஆவியாகிறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிடும். தூத்துக்குடி உப்பளத்துல இதை வேணும்னே செய்றாங்க, நம்ம தொட்டியில தானா நடக்குது. 100 லிட்டர் தொட்டின்னு வைங்க. கடல் மாதிரி லிட்டருக்கு 35 கிராம், மொத்தம் 3.5 கிலோ உப்பு. தினம் 2 லிட்டர் போனா, நீங்க ஊருக்குப் போயிட்டு வர்ற அஞ்சு நாள்ல, அதே 3.5 கிலோ 90 லிட்டர்ல நிக்கும். லிட்டருக்கு 39 கிராம் கிட்ட! மீனாவது உடம்புக்குள்ள உப்பை ஓரளவு சரிபண்ணிக்கும். பவளத்துக்கு அந்த வசதி கிடையாது.

குறைஞ்சதுக்கு உப்புத் தண்ணி ஊத்தினா மட்டம் சரியாயிடும், உப்பு ஏறிக்கிட்டே போகும். அதனால நல்ல தண்ணிதான் ஊத்தணும். "எங்க போர் தண்ணியே உப்புதானே?"ன்னா, அது கடலுப்பு இல்லீங்க. சுண்ணாம்பு, நைட்ரேட்டுன்னு நிலத்துல கிடக்கிறது எல்லாம் அதுல வரும், தொட்டியிலயே சேரும். ஆர்.ஓ. தண்ணி போதும்.

(இன்னொண்ணு: மன்னார் வளைகுடாவிலேர்ந்து பவளத்தை ஒரு துண்டு எடுத்துட்டு வர்றதுகூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஐடியாவே வேண்டாம்.)

மிதவை சுவிட்ச், குட்டி மோட்டார், ஒரு கேன். இதை வச்சு தானா நிரப்பலாம். சுவிட்சை மேல் தொட்டியில வைக்காதீங்க. அங்க தண்ணி வழிஞ்சு இறங்குறதால மட்டம் மாறாது. கீழ் ஃபில்டர் தொட்டியில, மோட்டார் இருக்கிற அறையிலதான் குறைவு தெரியும்.

எந்த சென்சாரும் ஒருநாள் சிக்கிக்கும்னு நினைச்சே டிசைன் பண்ணுங்க. 10 லிட்டர் கேன் மொத்தமும் உள்ள போனா உப்பு 32 கிட்ட இறங்கும், சமாளிச்சுடலாம். சோம்பேறித்தனமா 50 லிட்டர் டிரம் வச்சிருந்தா 23தான். வீடெல்லாம் தண்ணி, அது வேற! டியூப் முனை தண்ணிக்கு மேலயே இருக்கட்டும். முங்கியிருந்தா மோட்டார் நின்ன பிறகும் சைஃபன் இழுக்கும்.

ஃபில்டர் தொட்டியில மார்க்கரால ஒரு கோடு போடுங்க. தண்ணி கோட்டுக்கு வந்து நல்லா கலந்த பிறகுதான் உப்பை அளக்கணும்.